அடித்தல் திருத்தல்

விசாரணைக் குழு கேட்டது
பணி எண் 2217-இன் முழு மாற்ற வரலாறு.
அச்சிட்டேன். பதினொரு தாள்.
கடைசித் தாளில் பாதிக்கு மேல் வெள்ளை.

ஹார்லிங்கனில் அன்றும் மழை.
ஜன்னலுக்கு வெளியே கடலும் கால்வாயும்
ஒரே சாம்பல் நிறத்தில் கிடந்தன.
நடுவே மதகு இருப்பதால்தான்
இரண்டுக்கும் இரண்டு பெயர்.

எங்கள் மென்பொருளில் புதியது தலையில் ஏறும்,
பழையது அடிக்குப் போகும்.
ஆகவே பின்னாலிருந்து படித்தேன்.

மார்ச் 3, காலை 8:12.
விப்ரென் ஹூக்ஸ்மா பணியை உருவாக்கினார்.
மூன்றாம் மதகு, கீழ்க்கதவு, ரப்பர் பட்டை.
விவரம்: நீர் ஒழுகுகிறது. கை நுழையும் இடைவெளி.
முன்னுரிமை: அதிகம்.

மார்ச் 9. யெல்மர் விவரத்தைத் திருத்தினார்.
‘ஒழுகுகிறது’ போய் ‘கசிகிறது’ வந்தது.
ஏப்ரல் 2. மறுபடி யெல்மர்.
‘கசிகிறது’ போய் ‘லேசான ஈரம் காணப்படுகிறது’.
கை நுழையும் இடைவெளி எங்கே என்று தேடினேன்.
அதே திருத்தத்தில் காணாமல் போயிருந்தது.
ரப்பர் இல்லாமலே அடைத்துவிட்டார்கள்.

கெடு நான்கு முறை தள்ளிப் போயிருந்தது.
பொறுப்பாளர் விப்ரென்,
பிறகு ஃபோக்கே,
பிறகு ‘யாருமில்லை’.
யாருமில்லையிடம் அது பத்தொன்பது நாள் இருந்தது.
எங்கள் அலுவலகத்தில்
அதிக வேலை வைத்திருப்பவன் அவன்தான்.

ஆறாம் தாளின் அடி வரி.
மே 17, வெள்ளி, மாலை 4:47.
சீட்ஸ்கே பொஸ்துமா முன்னுரிமையை மாற்றினார்.
அதிகம் என்பது நடுத்தரம் ஆனது.
காரணம்: காலி.

அது நான்.

திங்கள் கூட்டத்தில்
ஏழு சிவப்புக்கு மேல் இருந்தால் கேள்வி வரும்.
அன்று எட்டு இருந்தது.
கண் ஓடியது, விரல் ஓரிடத்தில் நின்றது.
மகனை நீச்சல் வகுப்பிலிருந்து
ஐந்தரைக்குக் கூட்டிவர வேண்டும்.
ஒரு சிவப்பு மஞ்சளானது.
கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.
காரணப் பெட்டி கட்டாயமில்லை,
நட்சத்திரக் குறி இல்லை அதற்கு.

அக்டோபரில் வடமேற்குக் காற்று வந்தது.
கால்வாயோரம் பதினான்கு வீடுகளின் கீழறையில்
முழங்கால் தண்ணீர்.
யாரும் சாகவில்லை.
ஒரு பியானோ,
நாற்பது மூட்டை மாவு,
யாரோ ஒருத்தி ஐந்து வருடம் எழுதிய ஆய்வேடு.

இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான்.
தெரியாதது நாலாம் தாளில் இருந்தது.

செப்டம்பர் 28, இரவு 2:13.
விப்ரென் ஹூக்ஸ்மா: நடுத்தரம், அதிகம் ஆனது.
செப்டம்பர் 28, இரவு 2:14.
விப்ரென் ஹூக்ஸ்மா: அதிகம், நடுத்தரம் ஆனது.

ஒரு நிமிடம்.
அந்த ஒரு நிமிடம் மட்டும்
இந்த ஊரில் அந்தக் கதவு அவசரமாக இருந்தது.
எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தோம்.
அறிவிப்புகளை நான் எப்போதோ அணைத்து வைத்திருந்தேன்.

சிற்றுண்டிக் கூடத்தில் அவன்
ரொட்டியில் சாக்லேட் துகள் தூவிக்கொண்டிருந்தான்.
தாளைக் காட்டினேன்.
‘கூரையில் மழைச் சத்தம். விழிப்பு வந்துவிட்டது,’ என்றான்.
‘மாற்றிவிட்டேன்.
அப்புறம்தான் அடியில் உன் பெயரைப் பார்த்தேன்.
நீ குறைத்திருக்கிறாய் என்றால்
ஏதாவது கணக்கு இருக்கும்,
எனக்குச் சொல்லாத கணக்கு என்று…’

நான் காலியாக விட்ட பெட்டியை
அவன் நிரப்பிப் படித்திருக்கிறான்.

துகள் சில மேசையில் சிந்தின.
விரல் நுனியில் ஒற்றி ஒற்றி
எடுத்துத் தின்றான்.
வேறொன்றும் பேசவில்லை.

மேசைக்குத் திரும்பினேன்.
பணி முடிந்ததாகப் பச்சையில் இருந்தது.
புது ரப்பர் நவம்பரில் போட்டாயிற்று,
மொத்தம் மூன்று மணி நேர வேலை.
காரணப் பெட்டி இன்னும் திறக்கிறது.

‘கவனக்குறைவு’ என்று எழுதிச் சேமித்தேன்.
அது அழகாக இருந்தது, அதனால் மாற்றினேன்.
‘அன்று எட்டு சிவப்பு இருந்தது.’
அது வக்கீல் பேச்சு.
‘காரணம் இல்லை.’
விட்டுவிட்டேன்.

மூன்றையும் மென்பொருள் வைத்துக்கொண்டது,
மணி, நிமிடம், என் பெயரோடு.
மூன்று புது வரிகள் தலையில் ஏற
மற்றதெல்லாம் மூன்று படி இறங்கியது.

மறுபடி அச்சிட்டேன்.
ஆறாம் தாளின் அடியில் இருந்த மே 17
இப்போது
ஏழாம் தாளின் உச்சியில்.